கல்வெட்டும் கைப்பேசியும்

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் உள்ளது. முதலாம் பராந்தக சோழன் ஆட்சியில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற இரு கல்வெட்டுகளால் அக்கோயில் பெரும்புகழ் பெற்றது. ஊர்ச்சபை வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்தெடுக்கும் முறையை அவை விளக்குகின்றன. உறுப்பினர் 35 வயதுக்கு மேற்பட்டவராகவும் 70 வயதுக்கு உட்பட்டவராகவும் இருத்தல் வேண்டும் என்பது பிந்திய கல்வெட்டின் விதி. விதியைப் பிழைபடப் படித்தால் ஊராட்சியே பிழைபடும் அன்றோ?

அக்காலக் கல்வெட்டுகளில் இருவகை எழுத்துகள் கலந்து வரும். 'ஸ்வஸ்தி ஸ்ரீ' என்னும் மங்கலத் தொடக்கம் கிரந்த எழுத்தில் அமையும். தமிழ்ச்சொற்கள் தமிழ் எழுத்தில் அமையும். ஒரு வடசொல் கிரந்தத்தில் நிற்க, அதனோடு சேரும் தமிழ் ஈறு தமிழ் எழுத்தில் தொடர்வதும் உண்டு. எழுத்தின் வடிவம் மாறினும் சொல் பிளவுபடுவதில்லை, தொடரும் முறிவதில்லை. முதலில் தொடர், பின்னரே அதன் கோலம் என்பதே அங்கு நாம் காணும் நெறி.

இத்தகைய இணைப்புப் பணி இன்று கைப்பேசிச் செயலிகளிலும் நிகழ்கின்றது. ஒரே செய்தியில் தொகையைத் தடித்த எழுத்தாலும், ஊர்ப்பெயரை வண்ணத்தாலும், தொடவேண்டிய சொல்லை அடிக்கோட்டாலும் காட்டுகின்றனர். இதற்கென ஆண்ட்ராய்டில் 'ஸ்பேன்' என்னும் அமைப்பும், ஆப்பிள் கருவிகளில் 'ஆட்ரிபியூட்டட் ஸ்ட்ரிங்' என்னும் அமைப்பும் உள்ளன. நிரல் எழுதுவோர் இதனை இருவழிகளில் செய்யலாம். தொடரைத் துண்டுகளாக்கித் தனித்தனியே ஒப்பனை செய்து ஒட்டுவது ஒருவழி. முழுத் தொடரையும் எழுதிவிட்டு, ஒப்பனை வேண்டிய இடங்களில் மட்டும் குறியிடுவது மற்றொரு வழி. பின்னதே தமிழுக்கு ஏற்றது என்பது என் துணிபு.

ஒரு சான்று காண்போம். 'மருத்துவ முகாம் உத்திரமேரூரில் நடைபெறும்' என்பது நல்ல தமிழ்த்தொடர். ஆங்கிலத்தில் 'நடைபெறும்' என்பதற்குரிய சொல் முன்னும், 'இல்' என்பதற்குரிய சொல் அதன் பின்னும், ஊர்ப்பெயர் இறுதியிலும் வரும். ஆங்கிலத் துண்டுகளை அவ்வரிசையிலேயே பெயர்த்து ஒட்டினால், 'மருத்துவ முகாம் நடைபெறும் இல் உத்திரமேரூர்' என்றாகும். வரிசையைத் திருத்தினும் இடர் தீராது. 'ர்' என்னும் மெய்யும் 'இ' என்னும் உயிரும் கூடி 'ரி' ஆகின்றன. பெயரை மட்டும் தடிக்க முயன்றால் எல்லை அவ்வெழுத்தின் நடுவே விழும். காஞ்சிபுரமோ 'காஞ்சிபுரத்தில்' எனத் தன் ஈற்றையே மாற்றிக்கொள்ளும்.

எழுத்தளவிலும் இத்தொல்லை உண்டு. நம் கண்ணுக்கு ஓரெழுத்தாகத் தோன்றும் 'கோ', கணினியின் யூனிகோடு முறையில் 'க' என்பதும் 'ோ' என்னும் உயிர்க்குறியும் சேர்ந்த இரு குறியீடுகள். 'ஸ்ரீ' நான்கு குறியீடுகள். குறியீடுகளை மட்டும் எண்ணி வெட்டினால், உயிர்க்குறி தன் மெய்யைப் பிரிந்து அனாதையாய் நிற்கும்.

துண்டுகளாக இணைப்பது எளிது, விரைவானது என்பர் சிலர். ஒரு மொழிக்கு மட்டும் எழுதும்போது அது உண்மையே. ஆயினும், நிரலாளர் சேமிக்கும் சிறுபொழுதின் விலையை, மருத்துவ முகாமையோ வங்கிக் கணக்கையோ பற்றிய செய்தியைப் படித்துத் திகைக்கும் சிற்றூர் மக்கள் கொடுக்க நேர்கின்றது. ஆங்கிலம் அறிந்தவர் மொழியை மாற்றிப் படித்துக்கொள்வர். தமிழ் மட்டும் அறிந்தவர் யாது செய்வர்?

ஆதலின் முழுத்தொடரையும் மொழிபெயர்ப்பாளர் கையில் கொடுத்தல் வேண்டும். ஒப்பனைக் குறியை எங்கே இடுவது என்பதை அவரே முடிவு செய்யட்டும். பெயரோடு உருபையும் சேர்த்து முழுச்சொல்லையே தடிக்கலாம். அன்றி, 'இடம்: உத்திரமேரூர்' என உருபு வேண்டாதவாறு தொடரை மாற்றியும் அமைக்கலாம்.

மாணவர்களே, உங்களுள் பலர் நாளை செயலிகளை ஆக்குவீர்கள். வண்ணமும் வடிவும் மொழிக்கு அணிகலன்கள். அணிகலனுக்காக உடலை வெட்டுவார் எவரும் இலர். தொடரைச் சிதைக்காமல் அழகு செய்யக் கற்பீர்களாக.