சேவியர் என்றால் புத்தன்வீடு

நாகர்கோவிலில் என்னோடு பி.காம். படித்த சேவியர், போன மாதம் சென்னையில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனான். வீட்டுக்காரர் பெயரைக் கேட்டார். சொன்னான். கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘தமிழ்ப் பேரா ஒண்ணு வெச்சிருக்கக் கூடாதா சார்?’ என்றாராம். கேட்டவர் பெயர் ரமேஷ். சிரிக்காதீர்கள், சீரியஸாகத்தான் கேட்டிருக்கிறார்.

ராத்திரி போன் பண்ணினான். ‘மக்கா, எம் பேருல என்னடே குத்தம்?’

குத்தம் ஒன்றும் இல்லை. ஸ்பெயினின் வடக்கே பாஸ்க் என்றொரு மொழி. அதில் ‘எச்சே’ என்றால் வீடு, ‘பெர்ரி’ என்றால் புதியது. எச்சேபெர்ரி என்ற அந்த வீட்டுப் பெயர் வாய்க்கு வாய் தேய்ந்து, ஒரு கோட்டையின் பெயராகி, அங்கே 1506-ல் பிறந்த பிரான்சிஸோடு ஒட்டிக்கொண்டது. அவர் 1540-களில் நம் கடற்கரைக்கு வந்தார். நம் ஆட்கள் விட்டார்களா? ‘ஆர்’ விகுதி சேர்த்து சவேரியார் ஆக்கி, கோட்டாறில் கோயிலும் கட்டிவிட்டார்கள்.

புது வீடு! நாஞ்சில் நாட்டில் தடுக்கி விழுந்தால் ஒரு ‘புத்தன்வீடு’ இருக்குமே, அதேதான் சேவியர். ஹெப்சிபா ஜேசுதாசன் 1964-ல் எழுதிய நாவலின் பெயரும் ‘புத்தம் வீடு’. பனையேறிக் குடும்பங்களின் பேச்சை அப்படியே கொண்டுவந்த புத்தகம். ஹெப்சிபா எபிரேயப் பெயர். ஜேசுதாசனில் பாதி வடமொழி. அதற்காக அது தமிழ் நாவல் இல்லை என்று சொல்லிவிடுவீர்களா?

சரி, மொழிதான் பிரச்னை என்றே வைத்துக்கொள்வோம். அதற்கும் எங்கள் ஊரில் பதில் உண்டு. நட்டாலத்து நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் அரண்மனை ஊழியர். குளச்சல் போரில் 1741-ல் பிடிபட்டு, பிறகு மார்த்தாண்டவர்மாவிடமே தளபதியான டிலனாயின் நட்பால் கிறிஸ்துவத்துக்கு வந்தவர். வடக்கன்குளத்தில் 1745-ல் ஞானஸ்நானம். வைத்த பெயர் லாசர். ‘கடவுள் துணை செய்தார்’ என்று பொருள்படும் எலெயாசர் என்ற எபிரேயப் பெயர், கிரேக்கர் வாயில் லாசராகியிருந்தது. அதை நம் பக்கத்தில் அர்த்தம் பிசகாமல் மாற்றினார்கள்: தேவசகாயம். மனைவி பார்கவி, ஞானப்பூ ஆனார். 1752-ல் தேவசகாயத்தை ஆரல்வாய்மொழி பக்கம் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022-ல் ரோமில் புனிதராக அறிவித்தபோது, அந்தப் பெயரில் ‘பிள்ளை’ இல்லை.

இப்போது சொல்லுங்கள். சேவியருக்குப் பதில் ஒரு தேவசகாயமோ ஞானப்பூவோ போய் நின்றிருந்தால் ரமேஷ் சார் சாவியைக் கொடுத்திருப்பாரா? மாட்டார். அவர் கேட்டது மொழிக் கேள்வியே இல்லை. நேராகக் கேட்கக் கூச்சப்படும் இரண்டு கேள்விகளை, ‘என்ன மதம், என்ன ஆளு’ என்பதை, தமிழ்ப் பற்று என்ற காகிதத்தில் சுற்றிக் கேட்டிருக்கிறார். தமிழ் பாவம், அதற்கு இந்த புரோக்கர் வேலை தேவையா?

வரவு மட்டும்தான் இவர்கள் கண்ணில் படுகிறது. பற்று? நம் குமரி, ஏறத்தாழ இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே கிரேக்க மாலுமிக் குறிப்பில் ‘கொமார்’. போர்த்துக்கீசியருக்குக் ‘கொமொரிம்’. இங்கிலீஷ்காரன் வரைபடத்தில் ‘கேப் கொமோரின்’. நாம் அவர்கள் பெயரைக் கடித்தோம், அவர்கள் நம் பெயரைக் கடித்தார்கள். பி.காம். படித்த எனக்குக் கணக்கு நேராகிவிடுகிறது. அரசாங்கத்துக்குத்தான் நேராகவில்லை போல. 2020 ஜூனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களின் ஆங்கில எழுத்தைத் திருத்தி ஆணை போட்டு, மக்கள் அடித்த கேலியில் சில நாட்களிலேயே வாபஸ் வாங்கியது. அதுவாவது வாபஸ் வாங்கியது.

இதையெல்லாம் ரமேஷ் சாரிடம் சொல்லேன் என்றேன். ‘அட்வான்ஸ் பத்து மாசம் கேட்டாருடே, அதுக்கு மேல பேச்சு எதுக்கு’ என்றான் சேவியர். தாம்பரத்தில் வீடு கிடைத்துவிட்டது. அந்த வீட்டுக்காரர் கேட்டது ஒரே கேள்விதானாம்: மாசம் எத்தனாந் தேதி சம்பளம் வரும்?