புயலோடு முடியாத கதை

'அமேசிங் கிரேஸ்' பாடல் பிறந்த கதையைப் பிரசங்கங்களில் பலரும் கேட்டிருப்பீர்கள். ஜான் நியூட்டன் என்ற ஆங்கிலேய மாலுமி அடிமை வணிகத்தில் இருந்தவர். 1748 மார்ச்சில் நடுக்கடலில் புயலில் சிக்குகிறார். கடவுளைக் கூப்பிடுகிறார், பிழைக்கிறார், மனந்திரும்புகிறார். பிறகு பாடலை எழுதுகிறார். கேட்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு 'ஆமென்' சொல்கிறார்கள்.

தோழர்களே, இந்தக் கதையில் நாற்பது ஆண்டுகள் காணாமல் போயிருக்கின்றன.

மனந்திரும்பிய நியூட்டன் அடிமைக் கப்பலை விட்டு இறங்கவில்லை. அதற்குப் பிறகுதான் கேப்டனாகவே ஆனார். 1750 முதல் 1754 வரை மூன்று பயணங்கள். மேலே மாலுமிகளுக்கு ஞாயிறு ஆராதனை நடத்தினார். கீழ்த்தளத்தில் ஆப்பிரிக்கர்கள் சங்கிலியில் கிடந்தார்கள். கலகத்துக்குத் திட்டமிட்டதாகச் சந்தேகப்பட்டு, சிறுவர்களின் கட்டைவிரல்களை இரும்புத் திருகில் வைத்து விசாரித்ததை அவரே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். கடைசியில் அவரைக் கடலிலிருந்து விலக்கியது மனசாட்சி அல்ல, உடல்நலக் குறைவு.

பின்னர் ஓல்னி என்ற ஊரில் போதகரானார். 1773 புத்தாண்டு ஆராதனைக்காக இந்தப் பாடலை எழுதினார். அடிமை வணிகத்துக்கு எதிரான அவருடைய நூல் வந்ததோ 1788இல்.

அந்த நூலைக் குறைத்து மதிப்பிட முடியாது. தான் கண்டதையும் செய்ததையும் மறைக்காமல் எழுதினார். தன் வாக்குமூலம் தாமதமானது என்றும் ஒப்புக்கொண்டார். பாராளுமன்ற விசாரணையில் சாட்சி சொன்னார். 1807இல் பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடை செய்தது. அதே ஆண்டு அவர் இறந்தார்.

ஆனால் அவர் பேசிய காலத்தைக் கவனியுங்கள். 1787இலேயே லண்டனில் அடிமை வணிக ஒழிப்புச் சங்கம் தொடங்கிவிட்டது. அடிமையாக விற்கப்பட்டு, தன் விடுதலையைத் தானே விலை கொடுத்து வாங்கிய ஒலாடா எக்வியானோ 1789இல் தன் வரலாற்றை வெளியிட்டார். 1791இல் ஹெய்ட்டியில் அடிமைகளே கிளர்ந்தெழுந்தார்கள். எக்வியானோவும் கிறிஸ்தவர்தான். அவருடைய விசுவாசத்தையும் வேதனையையும் எத்தனை பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம்?

ஒடுக்கியவரின் கண்ணீரை மட்டும் கொண்டாடுகிற கதை ஒடுக்கப்பட்டவரை மீண்டும் கீழ்த்தளத்திலேயே வைக்கிறது. இரட்சிப்பு ஒரே இரவில் வரலாம். நீதி அப்படி வருவதில்லை. அதற்கு அமைப்பு வேண்டும், பாதிக்கப்பட்டவரின் குரல் வேண்டும், ஆதாயம் அடைந்தவரின் பகிரங்கச் சாட்சியும் வேண்டும்.

இந்தப் பாடலை நம் தேவாலயங்களிலும் பாடுகிறார்கள். தலித் கிறிஸ்தவர்களைத் தனிக் கல்லறையில் புதைக்கும் ஊர்களும் இங்கே உண்டு. "நாங்கள் சாதி பார்ப்பதில்லை" என்று சொல்லும் சபைத் தலைவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: நீங்கள் நிற்பது 1748இலா, 1788இலா?