அப்பாவை நாற்காலியில் முடக்கிப் போடாதீர்கள்



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போனில் பேசினார். "சார், அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் ஆபரேஷன் முடிஞ்சு மூணு மாசம் ஆச்சு. இனிமே அவர் ஒரு வேலையும் செய்யக் கூடாதுன்னு ரெண்டு மாட்டையும் வித்துட்டேன்" என்றார். பாசத்தில்தான் செய்திருக்கிறார். ஆனாலும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

உங்களில் பலரிடம் நான் மறைத்த செய்தி ஒன்று உண்டு. எனக்கும் அதே நோய்தான். கதிர்வீச்சு முடிந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹார்மோன் ஊசி. வெளியே சொல்ல வெட்கம். கேட்டவர்களிடம் "சர்க்கரை கொஞ்சம் கூடிடுச்சு" என்று சமாளித்தேன். வீட்டிலோ சாய்வு நாற்காலிதான். பால் வாங்கக் கிளம்பினாலும் "நீங்க இருங்கப்பா" என்பான் மகன். எட்டு மாதம் இப்படி. பிறகு ஒரு கல்யாணப் பந்தியில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. என்னிடம் படித்த பிள்ளைகள் இருவர் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்கள். நோய் தெரிந்த அன்று வராத கண்ணீர் அன்று வந்தது.

டாக்டரிடம் சொன்னேன். "உங்களை யார் உட்காரச் சொன்னது?" என்று கேட்டார்.

இந்தப் புற்றுநோய்க்குத் தீனி ஆண் ஹார்மோன். அதைக் குறைத்தால் நோய் அடங்கும் என்று 1941இல் காட்டிய சார்லஸ் ஹக்கின்ஸுக்கு 1966இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் தசைக்கும் எலும்புக்கும் காவல் அதே ஹார்மோன்தான். அது குறைந்தால் தசை கரையும், எலும்பு மெலியும், வயிற்றில் கொழுப்பு சேரும், சோர்வு அழுத்தும். படுக்கப் படுக்க இந்தச் சோர்வு கூடத்தான் செய்யும்.

"மலைக்காரனுக்கு எதுக்கு சார் உடற்பயிற்சி?" என்பீர்கள். நோய் வந்ததும் நாம் முதலில் நிறுத்துவது அந்த நடையைத்தானே! நடை மட்டும் போதவும் போதாது. புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்கும் சேர்த்து உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது: வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு, இரண்டு நாளாவது தசையை வலுவாக்கும் பயிற்சி.

அமெரிக்காவில் இந்த நோய் வந்த 2,705 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2011இல் வெளியானது. வாரத்தில் மூன்று மணி நேரமாவது கடுமையாக உழைத்தவர்கள் இந்த நோயால் இறப்பது 61 சதவீதம் குறைவாக இருந்தது. உடல் நன்றாக இருப்பவர்தானே அதிகம் ஓடுவார் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. உயிரைக் காத்தது உழைப்புதான் என்று அந்த ஆய்வை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் தசையும் தெம்பும் திரும்பும் என்பதில் சந்தேகமில்லை.

அதே நாட்டில் கறுப்பின ஆண்கள் இந்த நோயால் இறப்பது வெள்ளையர்களைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆண்கள் மனம்விட்டுப் பேசும் இடம் என்று அங்கே முடிதிருத்தும் கடைகளிலேயே இதைப் பற்றிப் பேச வைக்கிறார்கள். நம் ஊர் டீக்கடையில் நாம் பேசாத விஷயம் உண்டா? இது ஒன்றைத் தவிர!

ஆபரேஷன் ஆனவர்கள் சிறுநீர் கசிவுக்குப் பயந்து வீட்டிலேயே அடைந்து கிடக்கிறார்கள். சிறுநீரை அடக்குவது போல இறுக்கி விடும் பயிற்சி ஒன்று இருக்கிறது. டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். எலும்புக்கு நோய் பரவியவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் எதையும் தூக்கவே கூடாது.

நான் முதலில் வாசல் வரை நடந்தேன். பிறகு தெருமுனை. இப்போது பஸ் ஸ்டாண்டு வரை போய் வருகிறேன். வாரம் மூன்று நாள், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருகிறேன். கைக்கு ஒன்றாகத் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குகிறேன். செலவு ஒரு பைசா இல்லை. போன மாதம் பந்தியில் நானே எழுந்தேன்.

அந்த மாணவரிடம் சொன்னேன்: "மாட்டைத் திரும்ப வாங்க முடியலைன்னாலும் டாக்டரைக் கேட்டுட்டு அப்பாவுக்கு ஒரு ஆட்டுக்குட்டி வாங்கிக் கொடுப்பா. அது அவரை நடக்க வைக்கும்."

நீங்களும் வழியில் என்னைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி "ஏறுங்க சார்" என்று கூப்பிடாதீர்கள். இறங்கி, என்னோடு கொஞ்ச தூரம் நடங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்