அக்னி மூலையும் வெந்நீர் கீசரும்

செங்கற்பட்டு முதல் மாமல்லபுரம் கடற்கரை வரையில், பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்களில் பலர், குளிக்கும் அறையில் கீசரை எந்தச் சுவரில் மாட்டுவது என்று கொத்தனாரைக் கேட்பதில்லை, எலக்ட்ரீஷியனைக் கேட்பதில்லை, வாஸ்துக்காரரைக் கேட்கிறார்கள்! அவரும், "நெருப்புச் சம்பந்தப்பட்டது தென்கிழக்கு அக்னி மூலையில்தான் இருக்கவேண்டும்" என்று சொல்லித் தட்சணை வாங்கிக்கொண்டு போகிறார்.

தோழர்களே! கீசர் என்ன, யாக குண்டமா? அது ஒரு தொட்டி; உள்ளே மின்சாரத்தால் காயும் கம்பி. 25 லிட்டர் தொட்டியானால் தண்ணீர் மாத்திரம் 25 கிலோ. தொட்டியின் கனம் வேறு. இவ்வளவு பாரமும் சுவரில் பதித்த சில போல்ட்டுகளில் தொங்குகிறது. இதைத் தாங்குவது அக்னி பகவானா, சுவரா? ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் பக்கத்திலேயே இருக்க, மூலைக்காக நாலரை அங்குலத் தடுப்புச் சுவரிலோ, காரை பொரிந்த இடத்திலோ மாட்டுவது அறிவுடைமையாகுமா? மாமல்லபுரத்துக் கல்தச்சர் உளி வைக்குமுன் கல்லைத் தட்டி ஓசை கேட்கிறார்; கல்லுக்கு ஜாதகம் பார்ப்பதில்லை. சுவரையும் அப்படித்தான் தட்டிப் பார்க்கவேண்டும்.

இன்னொரு வேடிக்கை பாருங்கள். நம் கடற்கரையில் கோடைக்காலத்துக் கடற்காற்று பெரும்பாலும் அந்தத் தென்கிழக்கிலிருந்துதான் வீசுகிறது. உப்புக் காற்று முதலில் தின்பது அந்த மூலையிலுள்ள இரும்பைத்தான். துருப்பிடிக்காத போல்ட் போடச் சொல்லும் சுலோகம் எந்த வாஸ்து நூலில் இருக்கிறது?

2,000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் பிளக்கும், ஒழுங்கான எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் கசிவு கண்டதும் மின்சாரத்தை அறுக்கும் டிரிப்பரும் வேண்டும். தொட்டியில் அழுத்தம் மிஞ்சினால் திறந்துவிடும் வால்வும் வேண்டும். அந்த வால்வு சொட்டுகிறதென்று அடைத்துவிட்டு, சூடு கட்டுப்படுத்தும் கருவியும் கெட்டுப்போனால், தொட்டி வெடிகுண்டாகும். அப்போது எந்தத் திசை காப்பாற்றும்?

இதே கடற்கரையில், கல்பாக்கத்தில், 1983-ல் இயங்கத் தொடங்கிய அணுமின் உலையும் நீரை ஆவியாக்கத்தான் வைக்கப்பட்டது. அதைக் கடலோரம் வைத்தது, குளிர்விக்கக் கடல்நீர் வேண்டுமென்ற கணக்கினாலேயன்றி அக்னி மூலைக் கணக்கினாலல்ல.

இதில் மோசம் என்னவென்றால், வாஸ்துக்காரர் கேட்டதைக் கும்பிட்டுக் கொடுக்கிறவர், எர்த்துக் கம்பிக்கு எலக்ட்ரீஷியனிடம் பேரம் பேசுகிறார். பாடுபடுகிறவன் அறிவுக்கு மதிப்பில்லை, பஞ்சாங்கத்துக்கு மதிப்பு! பிறகு ஈரக் கையோடு குழாயைத் தொட்ட பெண்ணோ பிள்ளையோ மின்சாரம் தாக்கி மாண்டால், "விதி முடிந்தது" என்று அதே கூட்டம் சொல்லும். கருமாதிக்கும் தட்சணை கேட்கும். வாஸ்து சொன்னவர் எந்தக் கோர்ட்டிலாவது பதில் சொல்லுவாரா?

ஆகவே, வீடு புதுப்பிக்கும் தோழர்கள் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள கீசராகப் பார்த்து வாங்கி, உறுதியான சுவரில், தெரிந்த தொழிலாளியைக் கொண்டு மாட்டுங்கள். குளிக்குமுன் ஸ்விட்சை அணையுங்கள். அக்னி மூலையைத் தேடுகிற நேரத்தில் சொந்த மூளையைக் கொஞ்சம் தேடினால், வீட்டிலுள்ளவர்கள் உயிரோடு குளித்துவிட்டு வெளியே வருவார்கள்.