யாரிடம் மன்னிப்புக் கேட்பது?

சென்ற தவக்காலத்தில் மன்னார்த் தீவின் கோயில் ஒன்றிலே, ஊதாரி மைந்தனின் உவமையை விளக்கிக்கொண்டிருந்த குருவானவர் ஒருவர், இடையில் உவமையை விட்டிறங்கி ஊர்க்கதைக்கு வந்தார். போர்க்காலத்தில் எல்லாருமே பிழை செய்தோம். அனைத்தையும் ஆண்டவரின் இரக்கம் கழுவிவிட்டது. ஆதலின் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முந்திய சங்கதிகளைக் கிளறி வெட்கத்தில் மூழ்கிக் கிடப்பது விசுவாசக் குறைவேயாகும் என்பது அவர் கூற்றின் சாரம். அச்சங்கதி யாதென அவர் கூறவில்லை. கூற வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. கோயிலில் இருந்தோருள் ஐம்பது வயது கடந்தவர் பலரும் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தனர்.

ஊதாரி மைந்தனின் உவமை உலகின் ஒப்பற்ற கதைகளுள் ஒன்று என்பதில் எமக்கு ஐயமில்லை. பன்றித் தீனிக்கும் வழியற்றுப்போனவன், தான் மனனஞ்செய்து வந்த மன்னிப்பு வாசகத்தைச் சொல்லி முடிக்குமுன்பே தந்தை ஓடிவந்து அவனைத் தழுவிக்கொள்கிறார். வெட்கத்தாற் கூனிப்போன மனிதனை நிமிர்த்தும் அக்கருணையைப் பகுத்தறிவின் பெயரால் எள்ளி நகையாடுவோர் மனிதனை அறியாதவரே. ஆனால் அக்கதையில் ஒரு வசதி உண்டு. மைந்தன் அழித்தது தந்தையின் சொத்து. இழந்தவரும் மன்னிப்பவரும் அங்கு ஒருவரே. தமக்குச் சேரவேண்டிய கடனைத் தாமே தள்ளுபடி செய்ய அவருக்கு முழு உரிமை இருந்தது. அவன் அயல்வீட்டுக்காரனின் ஆட்டை ஓட்டி வந்து, தந்தையே, விருந்து வையும் என்று கேட்டிருந்தால்? கொழுத்த கன்று அடிக்கப்பட்டிருக்குமா, அன்றி ஆட்டை அதன் தொழுவத்திலே விட்டுவிட்டு வா என்ற கட்டளை பிறந்திருக்குமா? மன்னாரின் வழக்கு இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. முதல்வகைக்குரிய உவமையைக் கொண்டு அதற்குத் தீர்ப்பு வழங்குதல் முறையாகாது.

வழக்கு இதுதான். 1990 ஒக்டோபரின் இறுதி நாட்களில், விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் விடுத்த கட்டளைக்குப் பணிந்து, எருக்கலம்பிட்டி, தாராபுரம், உப்புக்குளம் முதலிய இடங்களின் முஸ்லிம் மக்கள் தம் வீடுகளையும் கடைகளையும் தொழிற்கருவிகளையும் விட்டுப் படகேறிக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். வட மாகாணம் முழுவதிலுமிருந்து இவ்வாறு துரத்தப்பட்டவர் ஏறத்தாழ 75,000 பேர். அவர்களுட் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தின் ஓலைக் குடிசைகளிலே இரண்டு தசாப்த காலம் அகதிகளாய் வாழ்ந்தனர். பிள்ளைகள் பிறந்து வளர்ந்து மணமும் முடித்தனர். முதியோர் பலர் அங்கேயே மண்ணுக்குள் போயினர்.

கட்டளையிட்டோர் மன்னார்த் தீவின் கத்தோலிக்க மீனவர் அல்லர். துப்பாக்கி அவர்கள் கையில் இருக்கவில்லை; அவர்கள் தலைக்கு மேலேயும் அது நீண்டிருந்தது. அயலவரைக் கண்ணீரோடு வழியனுப்பியவரும் உண்டு. இவை யாவும் உண்மை; இவற்றைச் சொல்லாமல் விடுவது அநீதி. ஆயினும் ஆளற்ற வீடு நெடுங்காலம் முழுவீடாய் நிற்பதில்லை. பெரும்பொருளைப் பெரிய கைகள் முன்னரே கொண்டுபோயின. எஞ்சிய ஓடும் சன்னலும் நிலையும் கதவும் சிறிய கைகளை வந்தடைந்தன. அக்கைகளுட் சில மறுநாள் செபமாலை உருட்டிய கைகள்.

எமக்கு அறிமுகமான கடற்றொழிலாளி ஒருவர் உண்டு. வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அவருடைய சிறிய கல்வீட்டின் முன்வாயிலில், அச்சுவருக்குச் சற்றும் பொருந்தாத பழைய இரட்டைக் கதவு ஒன்று நின்றது. 1991ஆம் ஆண்டிலே, தமக்குப் பழக்கமான முஸ்லிம் ஒருவரின் வெறும் வீட்டிலிருந்து அதைப் பெயர்த்து வந்ததாக எம்மிடம் கூறினார். தாம் எடுக்காவிட்டால் வேறொருவர் எடுத்திருப்பார் என்று அக்காலத்தில் தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டாராம். பின்னர் அச்சமாதானம் பலிக்கவில்லை.

“ஒவ்வொரு பெரிய கிழமையும் பாவசங்கீர்த்தனத்திலை சொல்லிப்போட்டன், தம்பி. செபமாலை சொல்லச் சொல்லுவினம், சொல்லுவன். சொல்லிப்போட்டு வீட்டை வந்தா, அந்தக் கதவைத்தானே திறந்து உள்ளுக்குப் போகோணும்.”

முப்பது ஆண்டுகளில் எத்தனை குருமார் மாறியிருப்பர்! ஒருவரேனும் அவரிடம், கதவு இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருடைய வெட்கத்திற்கு ஒரு வாசல் திறந்திருக்கும். செபமாலையைக் கட்டளையாகக் கொடுத்து அவரை அனுப்பியவர்கள் அவர்மேல் இரக்கம் காட்டியதாக எண்ணியிருக்கலாம். நாம் அதனை இரக்கம் என்று கொள்ளமாட்டோம்.

இவ்வாறு கூறுவதற்கு மார்க்ஸைத் துணைக்கழைக்க வேண்டியதில்லை. திருடியதைத் திருப்பிக் கொடுக்கக்கூடியவன் கொடாதிருக்கும்வரை அவனுடைய பாவம் மன்னிக்கப்படுவதில்லை என்று ஐந்தாம் நூற்றாண்டிலேயே கடிதமெழுதி வைத்தவர் அர்ச். அகுஸ்தீனார். ஈடுசெய்தல் மீட்புக்கு இன்றியமையாதது என்று வாதிட்டு நிறுவியவர் தோமஸ் அக்குவைனாஸ். எம் பாட்டிமார் மனனஞ்செய்த பழைய ஞானோபதேசத்திலும் மனஸ்தாபம், பிரதிக்கினை, பாவசங்கீர்த்தனம் என்பவற்றோடு பரிகாரமும் நின்றது. வரிதண்டிய சக்கேயு மரத்திலிருந்து இறங்கியதும் முதலிற் பேசியது கணக்கைத்தான்: ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். அவன் வீட்டுக்கு மீட்பு வந்ததென்ற அறிவிப்பு அதன் பின்னரே வருகிறது. காணிக்கையோடு பீடத்தை அணுகுகிறவன், தன்மேல் மனத்தாங்கல் கொண்ட சகோதரனை நினைத்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போகவேண்டும் என்ற போதனையும் எல்லாருக்கும் தெரிந்ததே. மன்னாரில் அந்தச் சகோதரன் பீடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் மீண்டும் குடியிருக்கிறான்.

இதைவிட வியப்பு யாதெனில், அச்சகோதரனின் மார்க்கமும் இதையே சொல்கிறது என்பது. இறைவனுக்குச் செய்த பிழையை இறைவன் மன்னிப்பான். அடியாருக்குச் செய்த அநீதிக்கோ, உரியவரிடம் உரிமையை ஒப்படைத்து அவருடைய மன்னிப்பையும் பெறவேண்டும் என்பதே தௌபா பற்றி உலமாக்கள் வழிவழியாகத் தரும் விளக்கம். ஓர் ஊரின் இரு சமயங்களும் ஒரே நிபந்தனையை விதிக்கும்போது, அதனைத் தளர்த்தும் அதிகாரத்தைப் பிரசங்கிகளுக்கு யார் வழங்கினர்? ஜெர்மானியப் போதகர் டீற்றிச் பொன்ஹோபர் 1937இல் வெளியிட்ட நூலில், மனந்திரும்புதலைக் கேளாது வழங்கப்படும் மன்னிப்பை ‘மலிவான அருள்’ என்று பெயரிட்டுச் சாடினார். நாஜிகள் அவரை 1945 ஏப்ரலில் தூக்கிலிட்டனர். மலிவானதை விற்றிருந்தால் அவர் உயிர் தப்பியிருக்கவும் கூடும்.

ஆனால் குருமாரை மாத்திரம் குறைகூறி நாம் தப்பிக்கொள்ளலாகாது. எமது முற்போக்கு நண்பர்கள் என்ன செய்தார்கள்? பாவம் என்ற சொல்லைக் கேட்டவுடனே முகஞ்சுளித்து, அதற்கு மாற்றாக ‘வரலாற்றுத் தவறு’ என்ற சொல்லைத் தந்தார்கள். வரலாறு செய்த தவறுக்கு எவரும் கதவைத் திருப்பித் தரவேண்டியதில்லையல்லவா? 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் மாநாட்டில், அன்ரன் பாலசிங்கம் முஸ்லிம் மக்களிடம் வருத்தந் தெரிவித்துக் கடந்ததை மறந்து மன்னிக்கும்படி கேட்டார். அதுகூட நிகழாத சூழலில் அது பெரிய காரியம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் மறத்தலையும் மன்னித்தலையும் ஒரே மூச்சிற் கேட்கும் வழக்கம் அங்கும் இருந்தது; கோயிற் பிரசங்கத்திலும் இருக்கிறது. ஒன்று சிவப்புத் துணியிலும் மற்றது ஊதாத் துணியிலும் சுற்றிய ஒரே பண்டம்.

மறதியை எமக்கு உபதேசிப்போர் தாமே மறதிக்காரரல்லர் என்பதையும் கவனித்தல் வேண்டும். 1544இல் யாழ்ப்பாணத்து மன்னன் சங்கிலியின் படை மன்னார்த் தீவிலே புதிதாய்த் திருமறை தழுவிய மீனவ மக்களை வெட்டிச் சாய்த்தது. அறுநூறு பேருக்கு மேல் என்று மரபு கூறும். தோட்டவெளியில் அவர்களுடைய நினைவு இன்றும் போற்றப்படுகிறது, போற்றப்படவும் வேண்டும். நானூற்றெண்பது ஆண்டு நினைவிருக்கலாம், முப்பத்தைந்து ஆண்டு நினைவிருத்தலாகாது என்பது என்ன நியாயம்? எமக்கு நேர்ந்தது சரித்திரம், எம்மால் நேர்ந்தது வெறும் சங்கதியா?

இன்னொன்று. மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை, 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன்னிலையில், அரசாங்கத்தின் கணக்குகளையே வைத்துக்கொண்டு, வன்னியில் 1,46,679 பேருக்கு என்ன நேர்ந்ததென்று கேட்டார். 2021இல் அவர் மறையும்வரை அதற்கு விடை வரவில்லை. போர் முடிந்துவிட்டது, பழையதை மறப்போம் என்று கொழும்பு சொன்னபோது எமக்கு நெஞ்சு கொதித்தது. உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்கு மறு ஆண்டு, கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை, கொன்றவர்களை மன்னித்ததாகக் கூறினார். ஆனால் சூத்திரதாரிகள் யாரென்ற கேள்வியை அவர் ஒருநாளும் கைவிடவில்லை. மன்னித்தல் என்பது உண்மையைப் புதைப்பதன்று என்பதைத் திருச்சபை நன்கு அறியும். தான் இழந்த இடத்தில் அறிவதைத் தான் பெற்றுக்கொண்ட இடத்திலும் அது அறியவேண்டாமா?

வெட்கம் மனிதனை அழித்துவிடும் என்ற அச்சம் வீண் அச்சமன்று. யூதாஸ் வெள்ளிக்காசுகளைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தான். வாங்க வேண்டியவர்கள், அது உன் பாடு என்று கைவிரித்தனர். அவன் நான்றுகொண்டு செத்தான். இராயப்பரோ கரிநெருப்பருகே மும்முறை மறுதலித்தவர். பின்னர் திபேரியாக் கடற்கரையிலே, மீன் வெந்துகொண்டிருந்த இன்னொரு கரிநெருப்பருகே, அதே மும்முறை அவரிடம் கேள்வி கேட்கப்பட்டது. மூன்றாம் முறை கேட்கையில் அவர் மனம் நொந்தார் என்கிறது சுவிசேஷம். அந்த நோவைத் தவிர்த்துக் கொடுக்க ஆண்டவர் முயலவில்லை. ஒவ்வொரு விடையின் பின்னரும் ஒரு வேலையை ஒப்படைத்தார். கடற்கரையிற் பிறந்த எமக்கு இதனை விளக்கத் தத்துவ சாஸ்திரம் தேவையில்லை.

வழி இலேசானதென்று நாம் சொல்லவில்லை. 2012 ஜூலையில், மன்னார் கோந்தைப்பிட்டி இறங்குதுறை பற்றி, போரினால் இடம்பெயர்ந்துவந்த விடத்தல்தீவுத் தமிழ் மீனவருக்கும் திரும்பிவந்த உப்புக்குளம் முஸ்லிம் மீனவருக்கும் மூண்ட பிணக்கு, ஆர்ப்பாட்டமாகி, நீதிமன்றத்தின்மீது கல்லெறியில் முடிந்தது. இரு தரப்பாரும் துரத்தப்பட்டவர். இரு தரப்பாரும் ஏழைகள். காணியும் துறையும் போதாத இடத்தில் அரசியல்வாதிகளுக்கு வேலை எளிது. அரசு தரவேண்டிய காணியையும் துறையையும் அரசிடமே போராடிப் பெறவேண்டும், அதுவும் இரு சாராரும் சேர்ந்து. ஆனால் கதவுகளுக்கு அரசு வேண்டியதில்லை. ஒவ்வொரு பங்கிலும் ஒரு கொப்பி திறந்து, எந்த வீட்டிலிருந்து என்ன பொருள் எங்கே வந்ததென்று பெரியவர்கள் உயிரோடிருக்கும்போதே எழுதிவைக்கலாம். அடுத்த தவக்காலத்தில் உபவாசத்தோடு இதனையும் செய்யச் சொல்லும் குருவானவர் ஒருவர் எழுவாராயின், அவருடைய பிரசங்கத்தைக் கேட்க நாம் முன்வரிசையில் அமர்வோம்.

அந்த முதியவர் கேட்டதற்கிணங்கப் புத்தளத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தது யாம். வீட்டுக்காரர் காலமாகியிருந்தார், மகன் வந்தார். கதவைச் சற்றுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார், தேநீர் குடித்தார். வாப்பா இதைப் பற்றி ஏதும் சொன்னவரா என்று முதியவர் கேட்டார். கதவைப் பற்றிச் சொன்னதில்லை, உங்களோடு கடலுக்குப் போனதைத்தான் சொல்லுவார் என்று மகன் கூறினார். முதியவர் மன்னிப்புக் கேட்டபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “வாப்பா சொல்ல வேண்டியத நான் சொல்ல ஏலாது” என்று மாத்திரம் சொல்லி, முதியவரின் கையைப் பிடித்துக்கொண்டார். நிலையையும் கதவையும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினார்கள். முதியவரும் ஒரு பக்கம் பிடித்தார்.

அவருடைய வீட்டு வாயிலில் இப்போது ஓலைத் தட்டி ஒன்று தொங்குகிறது. மாரிக்கு முன் பலகை வாங்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.