‘ஹகிள்’ என்பது வெறும் பேரமா?

ஆங்கிலத்தில் ‘ஹகிள்’ என்றொரு வினைச்சொல் உண்டு. தமிழில் அதைப் ‘பேரம் பேசுதல்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். பொருள் பிழையன்று. தொனிதான் விடுபட்டுப் போகிறது.

இச்சொல்லின் வேர் வெட்டுவதைக் குறிக்கும் பழைய நோர்ஸ் மொழிச் சொல். 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் கண்டபடி கொத்திச் சிதைப்பதே ‘ஹகிள்’. ஷேக்ஸ்பியரின் ‘ஐந்தாம் ஹென்றி’ நாடகத்தில், போர்க்களத்தில் உடலெங்கும் வெட்டுண்டு கிடக்கும் யோர்க் கோமகனைப் பற்றிப் பேசும்போது இச்சொல் வருகிறது. விலையைத் துண்டு துண்டாக வெட்டுவது என்பது பின்னர் ஏறிய பொருள். சந்தையில் மீனுக்கு ஐம்பது ரூபா குறைக்கச் சொல்லி அரைமணி நேரம் நிற்கிறோமே, அதுதான். சொல்லில் சிறிது ஏளனமும் கலந்திருக்கிறது: அற்பத் தொகைக்கு இத்தனை இழுபறியா என்று.

‘பார்கெயின்’ அப்படியன்று. அதற்கு மதிப்புண்டு. சர்வதேச தொழில் அமைப்பின் 1949ஆம் ஆண்டு 98ஆம் இலக்கச் சமவாயம் தொழிலாளரின் உரிமையாகப் பேசுவது இச்சொல்லைக் கொண்டுதான். தமிழில் இரண்டுக்கும் ‘பேரம்’ ஒன்றே. அதுவோ ‘குதிரை பேரம்’ என்று அரசியலில் அடிபட்டுக் கறைபடிந்த சொல்.

மொழிபெயர்ப்பு மேசையில் இருப்பவர்கள் இதைச் சிறிய விடயமென ஒதுக்கக் கூடாது. மலையகத் தோட்டத் தொழிலாளர் அடிப்படை நாட்சம்பளமாக 1000 ரூபா கேட்டுப் போராடிய பின்னர், 2019 கூட்டு ஒப்பந்தத்தில் கிடைத்தது 700 ரூபா. இடையிலிருந்த 300 ரூபா ஒரு குடும்பத்தின் அரிசியும் மாவும். அந்தப் பேச்சுவார்த்தையை ‘ஹகிள்’ என்று எழுதும் ஆங்கிலத் தலைப்பு, கேட்டவரைச் சந்தையில் நிற்கும் வாடிக்கையாளராக்கி விடுகிறது. அதைத் தமிழில் ‘சம்பளப் பேரம்’ என்று பெயர்த்தால் அவமதிப்பு இரட்டிப்பாகிறது. கம்பனிகளுக்கும் அது பொருந்தும் என்பார்கள். பொருந்தட்டும், ஆனால் அந்தச் சொல் அவர்களுடைய இலாபத்தை அற்பமாக்காது, இவர்களுடைய கூலியை அற்பமாக்கும்.

‘ஹகிள்’ வரும் இடத்தில் ‘விலைக்கு மல்லுக்கட்டுதல்’ என்று எழுதலாம். தொழிற்சங்கச் செய்தியில் ‘கூட்டுப் பேச்சுவார்த்தை’ போதும். அந்த 1000 ரூபாவை 2021இல் சம்பள நிர்ணய சபை தீர்மானித்தபோது எந்தத் தலைப்பிலும் ‘பேரம்’ தேவைப்பட்டிருக்காது.