பந்தயம் முடிந்தது, பாக்கி தீர்ந்ததா?

புதிதாக ஒரு சர்வதேச மோட்டார் பந்தய மைதானம் வரப்போகிறது என்றால் வாலிபர்களுக்கு உற்சாகம் பிறப்பது இயல்பு. மணிக்கு 300 கிலோ மீட்டருக்கு மேல் பாயும் காரைப் பார்க்க யாருக்குத்தான் ஆசையிருக்காது? அதிலும் இயந்திரத்தோடு பிழைக்கிற ஆலைத் தொழிலாளிக்கு அந்த இன்ஜினின் அருமை நன்றாகவே தெரியும். 2005-ல் கோவை நாராயண் கார்த்திகேயன் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானபோது தமிழ்நாடு மகிழ்ந்தது. ஆகவே விளையாட்டுக்கு நாம் விரோதிகளல்ல. நாம் கேட்பது வேறு. மைதானம் யார் நிலத்தில் எழுகிறது? லாபம் யாருக்கு? நஷ்டம் யார் தலையில்?

உத்தரப் பிரதேசத்தில் கிரேட்டர் நொய்டாவை அடுத்து நடந்ததைப் பாருங்கள். அங்கே சுமார் 875 ஏக்கரில், 5 கிலோ மீட்டருக்குச் சற்று அதிக நீளத்தில், புத்தா சர்வதேச மைதானம் எழுந்தது. கட்டியது ஜேபீ முதலாளிகளின் குழுமம். நாடெங்குமுள்ள ரசிகர்கள் நாட்களை எண்ணிக் காத்திருந்தார்கள். 2011 அக்டோபர் 30-ந் தேதி 24 கார்கள் ஓடின. சுமார் 95,000 பேர் பார்த்தார்கள். முதல் நாள் பயிற்சியின்போது ஒரு தெருநாய் ஓடுபாதையில் புகுந்துவிட்டதைப் பத்திரிகைகள் வேடிக்கையாக எழுதின. அந்த மண்ணில் உழுதவர்கள் எங்கே போனார்கள் என்று எழுதியவர்கள் மிகச் சிலரே!

அந்த வட்டாரத்தில் சர்க்கார் நிலம் எடுத்தது எந்தச் சட்டப்படி? வெள்ளையன் போட்ட 1894-ஆம் வருஷச் சட்டப்படி. "பொதுக் காரியம்", "அவசரம்" என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும்; விவசாயியின் ஆட்சேபணையைக் கேட்கவே வேண்டாம். அதே மாவட்டத்தில் பட்டா பர்சோல் கிராமத்தில், 2011 மே மாதம், நிலத் தகராறு மோதலாக வெடித்தது. விவசாயிகள் இருவர், போலீஸ்காரர்கள் இருவர் – நான்கு உயிர்கள் போயின. மாண்ட போலீஸ்காரரும் ஏழை வீட்டுப் பிள்ளைதான் என்பதை மறக்கலாகாது.

விவசாயிகள் ஓயவில்லை. பந்தயத்துக்கு ஒன்பது நாள் முன்பு, நொய்டா, கிரேட்டர் நொய்டா விவசாயிகளுக்கு 64.7 சதவீதம் கூடுதல் நஷ்டஈடு தரவேண்டும் என்று அலகாபாத் ஹைகோர்ட் தீர்ப்பளித்தது. பந்தய மைதானம் உள்ள யமுனா வட்டாரத்துக்கும் அதை மாநில சர்க்கார் 2014-ல் விஸ்தரித்தது. நிலம் பெற்ற நிறுவனங்கள் எதிர்த்து வழக்காடின. சுப்ரீம் கோர்ட் விவசாயிகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது 2022-ல்! நிலம் எடுக்க அவசரம். பணம் கொடுக்க மட்டும் அவசரமில்லை.

விளையாட்டு என்ன ஆயிற்று? 2011, 2012, 2013 – மூன்றே பந்தயங்கள். பிறகு பார்முலா ஒன் வரவில்லை. வரிச் சலுகை வேண்டுமென்றார்கள் நிர்வாகத்தினர். 2011-லேயே டிக்கெட் வசூலில் கால் பங்கைத் தனிக்கணக்கில் போடச் சொல்லவேண்டி வந்தது சுப்ரீம் கோர்ட்டுக்கு. பந்தய உரிமையாளரான அந்நியக் கம்பெனியும் இந்தியாவில் வரி கட்டியாக வேண்டும் என்று 2017-ல் தீர்ப்பாயிற்று. தீப்பெட்டிக்கும் வேட்டிக்கும் நாம் வரி கட்டுகிறோம். நமக்கு யார் சலுகை தந்தார்கள்?

மைதானத்தைச் சேர்ந்த சுமார் 1,000 ஹெக்டேர் ஒதுக்கீட்டை, பாக்கி கட்டவில்லை என்று 2020-ல் அதிகாரிகள் ரத்து செய்தார்கள். 2023 செப்டம்பரில் ஒரு சர்வதேச மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்தது. மறு ஆண்டு அதுவும் நடக்கவில்லை. 2024-ல் கம்பெனியே திவால் நடவடிக்கைக்குப் போயிற்று. ரத்து செய்தது சரியே என்று 2025-ல் ஹைகோர்ட் சொல்லிற்று. நிலத்தை இழந்தவன் ஒருபுறம். அதே குழுமத்திடம் வீட்டுக்குப் பணம் கட்டி ஏமாந்த நடுத்தர மக்கள் ஆயிரக்கணக்கில் மறுபுறம். ரசிகனுக்காவது மைதானம் மிஞ்சிற்றா? அதுவும் இல்லை!

நிலமே இல்லாத கூலி விவசாயியின் கதி இன்னும் மோசம். பழைய சட்டத்தில் அவனுக்கு இடமே இல்லை. வயல் போனால் வேலை போகும், வேலை போனால் அடுப்பு அணையும், சல்லிக்காசு கிடையாது. போராட்டங்களுக்குப் பிறகு வந்த 2013-ஆம் வருஷச் சட்டம்தான், அந்த நிலத்தை நம்பி மூன்றாண்டு பிழைத்த கூலிக்காரனும் பாதிக்கப்பட்டவனே என்று ஏற்றுக்கொண்டது. இது தானாகக் கனிந்து விழுந்த பழமல்ல.

நமது கோரிக்கைகள் தெளிவானவை. எங்கே புதிய மைதானம் வந்தாலும், தனியார் லாபத்துக்கான பந்தயத்தைப் பொதுக் காரியம் என்று சொல்லி விளைநிலத்தில் கை வைக்கக்கூடாது. 2013-ஆம் வருஷச் சட்டத்தை மாநிலத் திருத்தங்களால் நீர்த்துப்போகச் செய்யக்கூடாது. கூலி விவசாயியின் பெயர் முதல் கணக்கெடுப்பிலேயே ஏறவேண்டும். முழு நஷ்டஈடும் கைக்கு வந்த பிறகே மண்வெட்டி விழவேண்டும். கட்டுகிற தொழிலாளிக்குச் சட்டப்படி கூலியும் பாதுகாப்பும் வேண்டும்.

பந்தய ரசிகரான வாலிப நண்பர்களே! நீங்களும் எங்களோடு நின்று இதைக் கேளுங்கள். விவசாயியை ஏமாற்றிப் போட்ட பாதை உங்களுக்கும் நிலைக்கவில்லை என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டீர்கள். உழுதவனுக்கும் கட்டியவனுக்கும் சேரவேண்டியதைக் கொடுத்துவிட்டு மைதானம் எழட்டும். அன்று கார் பறக்கும்போது நாமும் சேர்ந்து கைதட்டுவோம்!